எலுமிச்சம்பழம் நசுக்கப் போன கதை

பெங்களூரில் இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் நான் செய்த விபத்து ஒன்றே ஒன்றுதான். அப்போது வண்டி ஓடிய தூரம் பதினோரு அடி. அளந்து சொன்னவர் இன்ஷூரன்ஸ்காரர். டேப்பைச் சுருட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்து, "பதினோரு அடியில இவ்ளோ பண்ண முடியுமாப்பா?" என்று கேட்டார். முடியும் சார். ஆள் நானாக இருந்தால் முடியும்.

ஏழெட்டு வருடம் ஆகிறது. அப்போது ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவில் டிரைவராக இருந்தேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் என் அக்கா விஜயாவின் வீட்டுக்காரர் ஏழுமலை மாமா. அப்போதே இருபத்தாறு வருடமாக அவர் அங்கே டிரைவர். ஜோகுபாளையத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. காலையில் ஒரே பைக்கில் கிளம்புவோம். (பைக் அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். ஒருநாள் சாவியைக் கேட்டதற்கு, "நீ ஓட்டினா போறதுக்கு பைக்கு, வர்றதுக்கு ஆம்புலன்ஸ்" என்றார். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.)

பங்களாவில் இரண்டு கார்கள். ஒன்று காலமான பெரிய சார் வைத்திருந்தது. இங்கிலாந்தில் பிறந்து, நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன்பே பெங்களூருக்குக் குடிவந்த வண்டி. கறுப்பு நிறம். முன்னால் இரண்டு பெரிய உருண்டை விளக்குகள், எப்போதும் எதையோ கேட்டு ஆச்சரியப்பட்ட மாதிரி. பெரிய சாரின் மனைவியை நாங்கள் எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஞாயிறுதோறும் அம்மா சர்ச்சுக்குப் போவது அந்த வண்டியில்தான். போக ஒன்றரை கிலோமீட்டர், வர ஒன்றரை கிலோமீட்டர். வாரத்துக்கு மூன்று கிலோமீட்டர் ஓடுவதற்காக மீதி ஆறு நாளும் மாமா அதற்குப் பணிவிடை செய்வார்.

இன்னொன்று அம்மாவின் மகன் சின்ன சார் வாங்கியது. அதை ஓட்டத்தான் என்னை எடுத்தார்கள். ஜெர்மன்காரன் செய்தது, சாம்பல் நிறம். தரையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு பாயத் தயாராக உட்கார்ந்திருக்கும். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை நாலு செகண்டில் தொட்டுவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த நாலு செகண்டுக்கு வேண்டிய ரோடு பெங்களூரில் எங்கே இருக்கிறது என்று அதே புத்தகத்தில் போடவில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து எம்.ஜி. ரோடு போய்ச் சேர எனக்கு நாற்பது நிமிடம் ஆகும். சாலையில் ஒரு ஹம்ப், அதாவது வேகத்தடை, வந்தால் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக, பிரசவ வலி வந்தவளைப் படியேற்றுகிற மாதிரி ஏற்ற வேண்டும். பின்னால் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துவிட்டு, கன்னடத்தில், "ஏனு குரு, ஏரோப்ளேனா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

இருந்தாலும் எனக்கு ஏறிவிட்டிருந்தது தலைக்கனம். வண்டி என்னுடையது இல்லை, சீட்டு மட்டும்தான் என்னுடையது என்பது மறந்தே போயிற்று.

சின்ன சார் கெட்டவர் இல்லை. ஆனால் கணக்காகப் பேசுகிறவர். பெரிய சார் போன பிறகு ஒருநாள் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னார், நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஏழுமலை, ஞாயித்துக்கிழமை அம்மாவ சர்ச்சுக்குக் கொண்டுபோய் விடற வரைக்கும் இந்த வண்டி இங்க இருக்கட்டும். ஒரு ஞாயிறு அது போகலன்னா குடுத்துடுவேன். ரெண்டு வண்டிக்கு இங்க இடமும் இல்ல, ரெண்டு டிரைவருக்கு வேலையும் இல்ல."

"சரி சார்" என்றார் மாமா. அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு வருடம், ஒரு ஞாயிறுகூட அந்த வண்டி நிற்கவில்லை. மழை கொட்டிய ஞாயிறு போனது. பேட்டரி செத்த ஞாயிறு, மாமா முன்னால் குனிந்து ஹேண்டில் போட்டுச் சுற்றினார். நாலாவது சுற்றில் அது இருமிக்கொண்டு எழுந்தது. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. வேறு எங்கே போய் வேலை கேட்பார்? வண்டியின் மூச்சும் அவர் வீட்டு அடுப்பும் ஒரே சாவியில் இருந்தன. எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டேதான் அவரைச் சீண்டினேன்.

காலை பத்து மணி டீக்கு இரண்டு பேரும் போர்டிகோ படியில் உட்கார்வோம். நான் ஆரம்பிப்பேன்.

"மாமா, என் வண்டியில பட்டன் அழுத்தினா போதும். உங்க வண்டிய எழுப்பறதுக்குள்ள நான் ஓசூர் போய் டிபன் சாப்ட்டுட்டு வந்துடுவேன்."

"போய்ட்டு வா. எனக்கு ரெண்டு இட்லி பார்சல்."

"என் வண்டியில ஒரு பொம்பள வழி சொல்றா."

"எனக்கும்தான். அம்மா பின்னாடி உக்காந்துக்கினு சொல்றாங்க. உன்னுது தப்பா சொன்னா திட்ட முடியுமா? எங்கம்மா தப்பா சொன்னா ‘சாரி ஏழுமலை’ன்னு சொல்வாங்க."

"மழை பெஞ்சா என் வைப்பர் தானா ஆடும்."

"மழை பெஞ்சா என் வண்டில தானா ஒழுகும். எவன் வண்டில மழை தெரியுது, சொல்லு?"

இப்படித்தான். நான் எதைச் சொன்னாலும் அவர் டீயை ஊதிக்கொண்டே திருப்பி அனுப்புவார். ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்தியது. சிக்னலில் என் வண்டி நின்றால் ஜனங்கள் முறைப்பார்கள், இல்லையென்றால் கண்ணாடியில் தலை வாருவார்கள். அவர் வண்டி நின்றால் டிராஃபிக் போலீஸ்காரரே சிரித்துக்கொண்டு முதலில் வழிவிடுவார். ஸ்கூட்டரில் போகிற பெண்பிள்ளைகள் கை ஆட்டுவார்கள். நாலு செகண்ட் வண்டியில் இருப்பவனுக்கு யாரும் கை ஆட்டுவதில்லை. (பொறாமை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பொறாமைதான்.)

அந்த வருடம் ஆயுத பூஜை வந்தது.

அம்மா பைபிள் படிக்கிற குடும்பம். ஆனாலும் அந்த வீட்டு வண்டிகளுக்கு ஆயுத பூஜை தவறியதே இல்லை. "வண்டி எங்களுது, பூஜை உங்களுது" என்று பெரிய சார் காலத்திலேயே ஏற்பாடு. பூஜை முடிகிற நேரத்துக்கு அம்மா வெளியே வந்து, சாமி கும்பிடாமல், கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்று பார்த்துவிட்டு, எங்கள் இருவருக்கும் ஸ்வீட் பாக்கெட் தருவார். இந்த ஒரு காட்சியைப் பார்க்கவே எதிர்வீட்டு வாட்ச்மேன் கேட்டில் வந்து நிற்பார்.

காலையிலேயே இரண்டு வண்டியையும் கழுவினோம். தரையெல்லாம் தண்ணீர். வாழைக்கன்று, மாலை, பொரி, கடலை, வெள்ளைப் பூசணிக்காய், எட்டு எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒன்று. பூஜை முடிந்ததும் வண்டியை மெல்ல நகர்த்தி நாலு பழத்தையும் நசுக்க வேண்டும், வருஷம் முழுக்க வரப்போகிற விபத்தெல்லாம் அந்தப் பழங்களோடு போய்விடும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். என் கையில் பட்டதும் அது தலைகீழாகிவிட்டது.

எப்போதும் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில், கேட்டைப் பார்த்து நிற்கும். அன்று நான் சொன்னேன், "மாமா, எதிரெதிரா நிறுத்தலாம். கல்யாணப் பொண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாத்திக்கற மாதிரி. போட்டோ சூப்பரா வரும். ஸ்டேட்டஸ் போடணும்."

"பக்கத்துல நிக்கட்டும்டா. வருஷா வருஷம் அப்படித்தான நிக்குது?"

"அதனாலதான் மாத்தலாம்னு சொல்றேன். புதுசுக்கும் பழசுக்கும் நேருக்கு நேர். பாக்கறவன் அசந்துடுவான்."

அவர் போர்டிகோவைப் பார்த்தார். பழைய வண்டி போர்டிகோவுக்குள், அதன் பின்னால் கல்தூண். என் வண்டி வாசலில், அதன் முகத்துக்கு நேராக. ஏதோ சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, உன் ஆசை" என்றார்.

நான் என் வண்டிக்கு அலங்காரம் செய்தேன். இங்கேதான் என் அறிவைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கிறது. பழைய வண்டிக்குப் பொட்டு வைப்பது சுலபம், நெற்றி மாதிரி பெரிய பானெட். என் வண்டிக்கு அதுவரை மாலை மட்டும்தான், அன்று பொட்டை எங்கே வைப்பது என்று தேடினேன். பார்த்தால், முன் பம்பரில் கம்பெனிக்காரனே வரிசையாக, சின்னச் சின்ன வட்டமாக, சரியாகப் பொட்டு அளவுக்கு இடம் விட்டிருந்தான்! ஜெர்மன்காரனுக்கு நம் சம்பிரதாயம் தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப்போய், ஒவ்வொரு வட்டத்திலும் கட்டியாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். நடுவில் இருந்த கம்பெனி முத்திரைக்கு மட்டும் ஸ்பெஷலாக இரண்டு விரல் சந்தனம். அதற்கும் மேலே முழ மாலை.

அந்த வட்டங்கள்தான் சென்சார். அந்த முத்திரைக்குப் பின்னால்தான் எதிரே எது வந்தாலும் பார்த்துத் தானாகப் பிரேக் போடுகிற கண். இரண்டு வருட வேலையில் புத்தகத்தில் நான் படித்திருந்தது நாலு செகண்ட் விஷயம் மட்டும்தான். பாதுகாப்பு அத்தியாயம் பின்பக்கம் இருந்தது.

கற்பூரம் காட்டியாயிற்று. மூத்தது என்பதால் முதலில் பழைய வண்டி. மாமா வெறுங்காலோடு ஏறினார். (பூஜை நாளில் செருப்புப் போட்டுக்கொண்டு யார் வண்டியில் ஏறுவார்கள்?) சோக்கை இழுத்து, பெயர் சொல்லி எழுப்புகிற மாதிரி ஏதோ முணுமுணுத்து, ஸ்டார்ட் செய்து, ஓரடி நகர்ந்தார். நாலு பழமும் சத்தமில்லாமல் நசுங்கின. ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி, என்னிடம், "மெதுவா" என்றார். ஒரே வார்த்தை. பூசணிக்காய் எடுக்கத் திரும்பினார்.

நான் ஏறினேன். பட்டனை அழுத்தியதும் வண்டி டிங் டிங் என்று புலம்ப ஆரம்பித்தது. திரையில் மஞ்சளாக என்னென்னவோ எழுத்து. கண் தெரியவில்லை, கண் தெரியவில்லை என்று அது கதறியிருக்கிறது. நல்ல நாளும் அதுவுமாக என்ன சத்தம் என்று ஒவ்வொன்றாக அழுத்தி அதன் வாயை மூடினேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா வெளியே வந்து நின்றார்.

வண்டிக்குள் ஒரு திருகு உண்டு. சின்ன சார் ஞாயிறு விடியற்காலையில் ஏர்போர்ட் ரோட்டில் போகும்போது மட்டும் திருகுவார். திருகினால் வண்டி ஸ்போர்ட் மோடுக்குப் போய் உறுமும். அதை நான் தொடக்கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்ன ஒரே சட்டம். ஆனால் அம்மா நிற்கிறார், வாட்ச்மேன் கேட்டில் நிற்கிறார், எதிரே அந்தக் கறுப்பு வண்டி மாலையோடு, உருண்டைக் கண்ணோடு என்னையே பார்க்கிறது. சத்தம் மட்டும் கேட்கட்டுமே என்று திருகினேன்.

உறுமியது. அம்மா காதைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பரம சந்தோஷம்.

பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி நகர்ந்து பழத்தில் முட்டி நின்றது. எலுமிச்சம்பழம் நசுங்க மறுத்தது. நாலு செகண்டில் நூறைத் தொடுகிற வண்டியை ஒரு எலுமிச்சம்பழம் நிறுத்திவைத்ததை அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிற அவமானத்தில் கொஞ்சம் அழுத்தினேன். ‘கொஞ்சம்’ என்பது என் கணக்கு.

வண்டி பாய்ந்தது. பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோனேன். தண்ணீரில் நின்ற வெறுங்கால், சந்தனம் வேறு ஒட்டியிருக்கிறது, பெடலில் பட்டு வழுக்கிக்கொண்டு போனது. அதன் பிறகு எனக்குத் தெரிந்தது ஒரு சத்தம், ஒரு வெள்ளைத் தலையணை (ஏர்பேக்), முகம் முழுக்க மாவு. எங்கிருந்தோ அந்தப் பொம்பளை நிதானமான இங்கிலீஷில், உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

இறங்கினேன். மாமா படியின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். சற்று முன்புதான் இரண்டு வண்டிக்கும் நடுவில் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். கையிலிருந்த பூசணிக்காய் தரையில் விழுந்து, உடைக்க வேண்டிய சடங்கு தானாக முடிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்து, "அடிபட்டுச்சா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அதன் பிறகுதான் வண்டியைப் பார்க்கத் திரும்பினார்.

முன்னால் நான், பின்னால் கல்தூண், நடுவில் அது. ரேடியேட்டர் உள்ளே போய் ஃபேனைக் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு விளக்கு தரையில். இன்னொன்று வயரில் தொங்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் தூண் அளவுக்கே பள்ளம். அடியிலிருந்து பச்சைத் தண்ணீர் ஓடி வந்து எலுமிச்சம்பழச் சாற்றோடு கலந்தது. மாலை மட்டும் கசங்காமல் இருந்தது.

போன் பேசிக்கொண்டிருந்த சின்ன சார் ஓடி வந்தார். இரண்டு வண்டியையும் பார்த்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"யாரு இப்படி எதிரெதிரா நிறுத்தச் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். என் அக்கா சொல்வாள், "சேகரு, உனக்குக் கடவுள் வாய்க்கு பிரேக் வெக்க மறந்துட்டான்" என்று. தூக்கத்தில்கூடப் பேசுகிறவன் நான். அந்த ஒரு தடவை எனக்குப் பேச்சு வரவில்லை. வாயில் மாவுக் கசப்புதான் இருந்தது.

"நான்தான் சார்" என்றார் மாமா.

"அந்த மோடுல எதுக்குப் போட்டான்?"

"நான்தான் சார் சொன்னேன். சத்தம் வரட்டும், அம்மா கேக்கட்டும்னு. அவன் வேணான்னுதான் சொன்னான்."

"இருபத்தாறு வருஷம் ஏழுமலை. உங்களுக்குமா தெரியல?" என்றார் சின்ன சார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா இரண்டு ஸ்வீட் பாக்கெட்டையும் படியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பைக்கில் திரும்பி வரும்போது அல்சூர் சிக்னலில் நான் கேட்டேன், "ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

அவர் திரும்பவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "வண்டி போச்சு. எப்படியும் எனக்கு அங்க வேலை இல்ல. உன்னையும் சேத்து அனுப்பிட்டா இன்னா பண்றது? பச்சப் புள்ளைய வெச்சுக்கினு இருக்க. ஒரு சம்பளமாவது நிக்கட்டும்."

"நான் சொல்லிடறேன் மாமா. நாளைக்கே சொல்லிடறேன்."

"சொல்லி? வண்டி எழுந்துக்குமா?" பச்சை விழுந்தது. "கெட்டியா புடிச்சுக்கோ."

நான் நாளைக்குச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாளும் சொல்லவில்லை. என் மகளுக்கு அப்போது ஆறு மாதம். அவளைக் காரணம் காட்டியே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பாவம், அவளுக்குப் பேச்சு வராத வயது.

அந்த ஞாயிறு அம்மாவை சர்ச்சுக்குக் கூட்டிப்போக வாடகை டாக்ஸி வந்தது. மாமா எப்போதும்போல வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். யாரும் வரச் சொல்லவில்லை. டாக்ஸியின் பின்கதவைத் திறந்து பிடித்தார். அம்மா உட்கார்ந்தார், கதவை மூடவிடவில்லை. "நீ முன்னால உக்காரு ஏழுமலை" என்றார். மாமா டாக்ஸிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, விருந்தாளி மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றரை கிலோமீட்டர் போய்விட்டு வந்தார்.

என் வண்டி மூன்று வாரத்தில் புதுசாகத் திரும்பி வந்தது. பம்பர் ஜெர்மனியிலிருந்து வந்ததாம். அடிபட்ட அடையாளமே இல்லை, வெட்கமும் இல்லை. பழையதைப் பார்க்க வந்த மெக்கானிக்குகள் மூன்று பேர். மூன்று பேரும் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, பேண்டைத் தட்டிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கினார்கள். வண்டியின் அடிச்சட்டமே முறுக்கிக்கொண்டுவிட்டது. அந்த வண்டிக்கு உதிரி பாகம் வேண்டுமென்றால் அதைச் செய்தவர்களின் கல்லறைக்குத்தான் கடிதம் போட வேண்டும்.

ஊருக்கு வெளியே பழைய கார்களாகச் சேர்த்து வைத்திருக்கும் ஒருவருக்குச் சின்ன சார் அதைக் கொடுத்துவிட்டார். லாரி வந்த அன்று காலையில் மாமா அதைக் கழுவினார். ஓடாத வண்டியை, தூக்கிக்கொண்டு போகப் போகிற வண்டியை, சக்கரத்து இடுக்குவரைக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்தார். நான் பக்கெட்டில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். லாரி கேட்டைத் தாண்டும்போது, "கம்பி இருக்கு, பாத்து, லெஃப்ட்ல ஒடிச்சுக்கோ" என்று லாரிக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டே தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தார்.

சின்ன சாருக்கும் மனசு கேட்கவில்லை. "ஏழுமலை, சேகர் லீவு போடற நாள்ல நீங்க இந்த வண்டிய எடுங்க" என்றார். மாமா என் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கீழே பார்த்தார். காலை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார்.

"கிளட்ச் இல்லையே சார். என் இடது கால் இன்னா பண்ணும்?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மறுவாரம் பீன்யாவில் ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார். உள்ளே வரும் லாரிகளை ரிவர்ஸ் பார்த்து, "வா, வா, வா, போதும்" என்று விடுகிற வேலை. பைக்கை விற்றுவிட்டு மெட்ரோவில் போனார். அவர் ஸ்டியரிங் பிடித்து நான் பார்க்கவில்லை, பல வருடம்.

அக்காவிடம் அந்தப் பொங்கலுக்குச் சொல்லிவிட்டேன். அவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "அவரு எங்கிட்டகூட அவருதான்னு சொன்னாரு" என்றாள். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு மட்டும் போடுவாள். இரண்டாவது கரண்டி போட வரும்போது வேண்டும் வேண்டாம் என்றுகூடக் கேட்கமாட்டாள்.

சின்ன சாரிடம் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது. சொந்தமாக ஒரு சின்ன டாக்ஸி வாங்கிக்கொண்டு வேலையை விட்ட கடைசி நாள். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம். "சார், அன்னிக்கு எதிரெதிரா நிறுத்தினது நான். திருகினது நான். மாமா வேணாம்னுதான் சொன்னாரு."

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். யார், எது என்று அவருக்கு நினைவு வர நேரம் பிடித்தது. "ஓ... ஏழுமலை. நல்ல மனுஷன்" என்றார். பிறகு போனை என் பக்கம் திருப்பி, "சேகர், எலெக்ட்ரிக் எடுக்கலாம்னு பாக்கறேன். இது ரெண்டுல எது நல்லாருக்கும், சொல்லு?" என்றார். நான் இரண்டையும் பார்த்தேன். நாலு செகண்ட் எல்லாம் பழைய கதை, ஒன்று மூன்று செகண்டில் தொடுமாம். "உங்களுக்கு எது புடிக்குதோ அத எடுங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சாவியை மேசையில் வைத்தேன்.

எங்கள் வீட்டு ஆயுத பூஜை இப்போது ஜோகுபாளையம் முழுக்கப் பிரசித்தம். அன்றைக்கு என்னை என் டாக்ஸியின் டிரைவர் சீட்டில் உட்கார விடுவதில்லை, அக்கா போட்ட சட்டம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யவும் கூடாது. வண்டியை நியூட்ரலில் போட்டு, மொத்தக் குடும்பமும் பின்னால் நின்று கையால் தள்ளித்தான் எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்கும். "இன்னாடா சேகரு, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று புதுசாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள். அப்போது வண்டிக்குள்ளிருந்து ஏழுமலை மாமா தலையை நீட்டிப் பதில் சொல்வார்: "மச்சான் பின்னாடியே இருக்கட்டும்பா. அங்க இருந்தாத்தான் ஊருக்குப் பாதுகாப்பு."

வருடா வருடம் இதே பதில், வருடா வருடம் இதே சிரிப்பு. என் மகள்கூட ஸ்கூலில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

ஆமாம், ஸ்டியரிங்கில் அவர்தான். அவருக்கு இப்போது ஒரு கண்ணில் சரியாகப் பார்வை இல்லை, லைசென்ஸும் முடிந்துவிட்டது. வருடத்தில் அந்த ஒரு நாள், இன்ஜின் ஓடாத ஒரு வண்டியில், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்வார். நாங்கள் தள்ளுவோம். ஓரடி தூரம்தான். பின்னால் குனிந்து தள்ளுகிறவனுக்கு அவர் முகம் தெரியாது. எனக்குத் தெரிவதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே நீளும் அவருடைய வலது கைதான். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்து, மேலும் கீழுமாக நிதானமாக அசைப்பார். இன்டிகேட்டரும் சென்சாரும் வருவதற்கு முன்னால், பின்னால் வருகிறவனுக்கு டிரைவர்கள் காட்டுவார்களே, வேகத்தைக் குறைத்துக்கொள் என்று, அந்தக் கை.

அவருக்குப் பின்னால் வருவது நான் மட்டும்தான்.